கையால் வளர்த்த பிள்ளை

ஒரு தொடரைச் செம்பொருளிற் கொள்வதா, குறிப்புப் பொருளிற் கொள்வதா என்பது இலக்கியம் பயில்வோர்க்கு அடிக்கடி எழும் ஐயம். 'கைகொடுத்தான்' என்றால் உதவினான் என்றும், 'கைவிட்டான்' என்றால் துறந்தான் என்றும், 'கைநீட்டினான்' என்றால் இடத்திற்கேற்ப இரந்தான் என்றோ அடித்தான் என்றோ நாம் உணர்ந்துகொள்கிறோம். தாய்மொழியில் இவ்வுணர்வு தானே வருகின்றது. பிறமொழி நூலைப் படிக்கும்பொழுதோ அகராதியைத் துணைக்கொள்கின்றோம். ஆயினும் அகராதிப் பொருள் கிடைத்தவுடன் ஐயம் தீர்ந்ததென்று அமைந்துவிடலாகாது. பொருள் இரண்டும் ஒருங்கே தோன்றவேண்டுமென்று கருதியே ஆசிரியர் சொல்லை வைத்த இடங்களும் உள.

இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு சார்ள்ஸ் டிக்கின்ஸ் எழுதிய 'கிறேற் எக்ஸ்பெக்ரேஷன்ஸ்' என்னும் நாவலில் உண்டு. தாம் நடத்திய வார இதழில் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை அவர் இதனைத் தொடர்கதையாக வெளியிட்டார். கதைத் தலைவன் பிப் தாய் தந்தையரை இழந்த சிறுவன். அவனுக்கு இருபது வயதுக்குமேல் மூத்தவளாகிய தமக்கையே அவனை வளர்க்கின்றாள். அவள் கணவன் ஜோ ஒரு கொல்லன். பிப்பைத் தான் 'கையால்' வளர்த்ததாகத் தமக்கை பெருமை பேசுகின்றாள். அயலாரும் அதனைச் சொல்லி அவளைப் புகழ்கின்றனர். இச்செய்தியுடனேயே நாவலின் இரண்டாம் அத்தியாயம் தொடங்குகின்றது.

இக்காலத்து வாசகர் பலர் இத்தொடரைக் கண்டு, தன் உழைப்பால் வளர்த்தாள் என்றோ, நேரே கவனித்து வளர்த்தாள் என்றோ கருதிச் செல்வர். அக்கால ஆங்கிலத்தில் அதன் பொருள் வேறு. தாய்ப்பாலும் செவிலிப்பாலும் இன்றி, ரொட்டியையோ மாவையோ நீரிலும் பாலிலும் குழைத்துக் கரண்டியாலோ புட்டியாலோ ஊட்டிக் குழந்தையை வளர்ப்பதையே அத்தொடர் குறித்தது. நம்மவர் சங்கினாற் பால் பருக்குவதுபோல, மூக்கு நீண்ட சிறு கிண்ணத்தாற் பருக்குவதும் அங்கு வழக்கம். பாலைக் கிருமி நீக்கிக் காக்கும் முறை பரவாத அந்நாளில் இவ்வாறு வளர்க்கப்பட்ட குழந்தைகளுட் பல இறந்தன. 1837 முதல் 1839 வரை வெளிவந்த 'ஒலிவர் ருவிஸ்ற்' நாவலிலும், தாயற்ற ஒலிவரைப் பற்றிப் பேசுமிடத்து டிக்கின்ஸ் இத்தொடரையே ஆள்கின்றார். ஆகவே, பிப்பை உயிரோடு காத்து வளர்த்தது எளிய செயலன்று. அவனுடைய சிறு சகோதரர் ஐவர் கல்லறையிற் கிடக்கின்றனர் என்பதை முதல் அத்தியாயத்திலேயே ஆசிரியர் காட்டிவிடுகின்றார். அயலார் புகழ்ச்சிக்கு நியாயம் இருந்தது.

சிறுவனாகிய பிப்புக்கு இம்மரபு தெரியாது. 'கையால்' என்பதற்குத் தன் அறிவுக்கு எட்டிய பொருளை அவன் தானே தேடுகின்றான். தமக்கையின் கை வலியது, கனத்தது. அது தன்மீது விழுவதுபோலவே அவள் கணவன் மீதும் விழுவதை அவன் காண்கின்றான். எனவே, தானும் ஜோவும் ஆகிய இருவருமே கையால் வளர்க்கப்பட்டவர்கள் என்று முடிவு செய்கின்றான். ஜோ அவளை மணந்ததும் அக்கையின் வேலையாகத்தான் இருக்கவேண்டும் என்றும் ஊகிக்கின்றான்! நம் இலக்கண முறையிற் சொல்வதாயின், மூன்றாம் வேற்றுமையின் கருவிப் பொருளை அவன் பிழையின்றிக் கொண்டுவிட்டான். கை என்னும் கருவி எதற்குப் பயன்பட்டது என்பதிலேதான் அவன் ஊரவரோடு மாறுபடுகின்றான்.

இங்கே நாம் நகைக்கின்றோம். ஆனால், இக்கதையைச் சொல்பவன் யார் என்பதை எண்ணவேண்டும். முதிர்ந்த பிப்பே தன் இளமையை நினைந்து எழுதுகின்றான். தொடரின் உண்மைப் பொருளை அவன் அதற்குள் அறிந்திருப்பான். அறிந்தும் சிறுவனின் உரையைத் திருத்தாது விடுகின்றான். ஏன்? மொழியளவில் தவறான அவ்வுரை வாழ்க்கையளவில் மெய்யாக இருந்தமையினால் என்க. ஊரார் கண்டது உணவூட்டிய கையை. பிள்ளை கண்டது அடித்த கையை. புகழ்ச்சொல்லின் நிழலில் அடியும் உதையும் மறைந்து கிடப்பதை நீண்ட பிரசங்கம் எதுவுமின்றி ஒரு வேற்றுமை உருபினாலேயே ஆசிரியர் வெளிப்படுத்திவிடுகின்றார்.

மொழிபெயர்ப்பாளர் இடர்ப்படுவதும் இங்கேதான். 'புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள்' என்றால் கை மறைந்துபோகும். 'கையால் வளர்த்தாள்' என்றால் ஊட்டுதல் மறைந்துபோகும். இரண்டுள் எதனைத் துறந்தாலும் நகையும் போம். நகையின் அடியிலுள்ள துயரும் போம்.

இவ்விரு பொருளையும் மனத்திற் கொண்டு நான்காம் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். கிறிஸ்துமஸ் விருந்தில் பெரியவர்கள் அனைவரும் பிப்பைக் குறைகூறிக் குத்துகின்றனர். ஜோ எதிர்த்துப் பேசத் திறனற்றவன். அவனால் இயன்றது ஒன்றே. சுடுசொல் விழுந்தபோதெல்லாம் சிறுவனின் தட்டில் இறைச்சிச் சாற்றை இன்னும் கொஞ்சம் ஊற்றுகின்றான். இந்த ஜோ தன் குழந்தைப் பருவத்திலே குடிகாரத் தந்தையின் அடியை உண்டவன். சம்மட்டி பிடித்து வலுவேறிய கையை உடையவன். அக்கையைப் பிப்மீது ஒருநாளும் ஓங்காதவன். கையால் ஊட்டி வளர்த்தல் என்னும் மரபுத்தொடருக்குரிய நேர்ப்பொருள், அப்பெயரைப் பெறாத இவனிடத்தன்றோ காணப்படுகின்றது!

நம்மிடையேயும் 'ஒடித்து வளர்க்காத முருங்கையும் அடித்து வளர்க்காத பிள்ளையும்' என்று தொடங்கும் பழமொழி வழங்குகின்றது. வளர்த்தலையும் அடித்தலையும் ஒரே மூச்சிற் சொல்லிப் பழகிவிட்ட நாம், பிப்பின் தமக்கையை அயல்நாட்டுக் கொடியவள் என்று ஒதுக்கிவிட இயலாது. அவளும் தான் வளர்த்ததையே எண்ணியிருந்தாள். அடித்தது அவள் கணக்கில் ஏறவில்லை. பிள்ளையின் கணக்கில் அது முதலில் ஏறியிருந்தது.

வீட்டிலோ வகுப்பிலோ ஒரு குழந்தை மரபுத்தொடரொன்றைச் செம்பொருளிற் கொண்டு விபரீதமாக உரை சொன்னால், சிரித்துத் திருத்துமுன் சற்றுப் பொறுத்துக் கேட்பது நன்று. அதன் உரை அகராதிக்கு ஒவ்வாமற் போகலாம். நாம் அக்குழந்தைக்குச் செய்துவருவது இன்னதென்பதை அது நமக்கு உரைத்துவிடவும் கூடும்.