மெதடோன் வரிசையில் நிற்கிறவரும் எங்கட ஆள்தான்



ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹரோ பக்கத்துப் பார்மசிகளில் வேலை செய்கிற எங்கட சனம் நிறையப் பேர். ஹெராயினில் சிக்கிய ஒருவருக்கு மெதடோனை அளந்து குடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பதும் பார்மசி வேலைதான். ஆனால் இந்தக் கதையை வீட்டில் எடுத்தால், "போதைக்குப் போதையே மருந்தோ?" என்று கேட்பினம்.

நியாயமான கேள்விதான், பதில் சொல்லுவம். ஹெராயின் சில மணித்தியாலத்தில் இறங்கிவிடும். பிறகு உடம்பு நோகும், வியர்க்கும், வாந்தி வரும். மெதடோன் ஒரு நாள் முழுக்க நிற்கும். சரியான அளவில் எடுத்தால் அந்த வதையும் இல்லை, கிறக்கமும் இல்லை. புப்ரனோர்ஃபினும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆஸ்பத்திரியில் படுக்கத் தேவையில்லை. வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடலாம். மருந்தில் இருக்கும் காலத்தில் சாகும் ஆபத்து, விட்டுப்போன காலத்தை விடப் பாதிக்கும் குறைவு. 2005இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

அப்ப பிரச்சினை எங்கே? காசிலும் அரசியலிலும். 2013 ஏப்ரலில் இங்கிலாந்தில் இந்தச் சிகிச்சைக்கான பொறுப்பு உள்ளூர்க் கவுன்சில்களிடம் போனது. கூடவே சிக்கன வெட்டும் வந்தது. சேவைகள் எவ்வளவு சிதைந்து கிடக்கின்றன என்று 2021இல் டேம் கரோல் பிளாக் அரசாங்கத்துக்கே அறிக்கை எழுதிக் குடுத்தார். இப்ப தெருவில் விற்கிற ஹெராயினில் அதைவிடப் பலமடங்கு வீரியமான நிட்டசீன்களும் கலந்து வருகின்றன.

சிகிச்சைக்குப் பதிலாகத் தண்டனை வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இலங்கையே உதாரணம். 2009க்குப் பிறகு முன்னாள் போராளிகளைப் 'புனர்வாழ்வு' என்ற பெயரில் அடைத்துவைத்த அதே பணியகம்தான், கந்தக்காட்டில் போதைப்பொருள் பாவித்தவர்களையும் படையினரின் காவலில் வைத்தது. 2022 ஜூனில் அங்கே ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார்; படையினர் கைதானார்கள். 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கி, ஆயிரக்கணக்கானோர் பிடிக்கப்பட்டார்கள். 'புனர்வாழ்வு' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் ஊரில் சொந்தக்காரர் சிலர் 'யுக்திய'வுக்குக் கைதட்டினபோது, இங்கே நாங்களும் பேசாமல்தான் இருந்தோம்.

லண்டனில் பிறந்து வளர்ந்த நான், எங்கட தமிழ்ப் பள்ளியிலோ கோயிலிலோ இந்தச் சிகிச்சை பற்றி ஒருவர் வாய்திறந்து கேட்டதில்லை. பெயர் கெட்டுப்போகும் என்ற பயத்தில் பிள்ளையை ஒளித்துவைக்கிற குடும்பத்துக்கு, மருந்து இருக்கிறது என்பதே தெரியாமல் போகிறது.

ஆகவே மூன்று வேலை. உங்கட கவுன்சிலரிடம் கேளுங்கள்: போதைச் சிகிச்சைக்கு இந்த வருடம் எவ்வளவு, தமிழில் பேச ஆள் உண்டா? பக்கத்துச் சிகிச்சை நிலையத்தில் நலொக்சோன் பாவிக்கப் பழகுங்கள். அளவு மிஞ்சி மூச்சு நிற்கப் போகிறவரை அது மீட்கும், 999ஐ அழைத்தபடியே குடுக்கலாம். மூன்றாவது, இலங்கையின் கட்டாயப் புனர்வாழ்வுக்கு எதிரான குரலை எங்கட ஊர்வலங்களிலும் சேருங்கள்.

தோழமையுடன்.