தவணை வண்டியும் பட்டறைக் கணக்கும்

சொந்தமாக ஒரு லாரி வாங்க வேண்டும் என்பது மும்பையிலும் பிவண்டியிலும் கலம்போலியிலும் வண்டி ஓட்டிப் பிழைக்கும் நம் தமிழ்த் தொழிலாளர்களின் நெடுநாளைய கனவு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பிறர் வண்டியில் முதுகொடிய உழைத்தவருக்கு, தன் பெயரில் ஓர் ஆர்.சி. புத்தகம் இருக்க வேண்டும் என்ற ஆசை எழுவதில் தவறில்லை. ஆனால் அந்த ஆசையையே முதலாக்கி வாணிபம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இம்மாதம் நம் குடும்பங்களோடு பேச விரும்புகிறோம்.

நம் சங்க உறுப்பினர் ஒருவர் 2018ஆம் ஆண்டு மாடல் ஆறு சக்கர வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினார். மனைவியின் நகை விற்ற பணமும் சீட்டுப் பணமும் முன்பணமாயின, மீதி கடன். நாற்பதாம் நாள் கண்டாலா மலையேற்றத்தில் வண்டி இழுவை இழந்து, கரும்புகை கக்கி நின்றது. நான்கு இன்ஜெக்டர்களும் போயிருந்தன. பட்டறையில் கேட்ட தொகை 90,000 ரூபாய். பணம் திரட்டுவதற்குள் இரண்டு தவணை தவறிற்று. மூன்றாம் மாதம் ஆட்கள் வந்து வண்டியை ஓட்டிச் சென்றார்கள். இன்று அவர் மீண்டும் வேறொருவர் வண்டிக்கு ஓட்டுநர். நகை நகைக்கடையிலேயே இருக்கிறது.

ஒரு மனிதரின் அவசரபுத்தி என்று இதை ஒதுக்கிவிடலாமா? கூடாது.

இளமை அவர்களுக்கு, முதுமை நமக்கு

பெரிய போக்குவரத்து நிறுவனங்கள் புதிய வண்டியை வாங்கி, உத்தரவாதக் காலம் உள்ளவரை இரவு பகலாக ஓட்டுகின்றன. பழுது பெருகத் தொடங்கும் வேளையில் விற்றுவிடுகின்றன. எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறை காட்ட வேண்டிய எஃப்.சி., அதன் பிறகு ஆண்டுதோறும் காட்ட வேண்டியதாகிறது. சரியாக அந்தப் பருவத்தில்தான் வண்டி நம் கைக்கு வருகிறது. வண்டியின் இளமையை முதலாளி உண்கிறார். அதன் முதுமையை நாம் சுமக்கிறோம். பழைய வண்டிக் கடனுக்குப் புதிய வண்டிக் கடனைவிட வட்டியும் கூடுதல். குறைந்த வருவாய் உள்ளவர் தலையில்தான் கூடுதல் வட்டியும் கூடுதல் பழுதும் ஒன்றாக விழுகின்றன.

பணம் எங்கே போகிறது?

பழைய காலத்து டீசல் வண்டியின் பம்பைப் பம்புக் கடையில் கழற்றிச் சரிசெய்துவிடலாம். 2017 ஏப்ரலில் நாடெங்கும் கட்டாயமான பி.எஸ். 4, 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 வண்டிகளின் கதை வேறு. இவற்றில் பெரும்பாலும் இருப்பது காமன் ரெயில் முறை. மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் இந்த இன்ஜெக்டர்களுக்குத் துளி நீரும் துளி தூசும் எமன். கலப்பட டீசலும் மாற்றாத ஃபில்டரும் முதலில் இவற்றையே தின்னும். புதியது ஒன்று பதினைந்தாயிரத்திலிருந்து இருபத்தையாயிரம் வரை போகும். நான்கு சிலிண்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பி.எஸ். 6 வண்டியில் புகை வடிகட்டியும் யூரியா நீர்த் தொட்டியும் சேர்ந்துள்ளன. வண்டி நெடுந்தூரம் ஓடி, புகைக்குழாய் நன்கு சூடேறினால்தான் வடிகட்டியில் படிந்த கரி எரியும். தாராவிக்கும் குர்லாவுக்கும் இடையே நெரிசலில் ஊரும் வண்டிக்கு அது வாய்ப்பதில்லை; வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. மலிவான போலி யூரியா நீர் உப்பாக உறைந்து குழாயை அடைக்கிறது. இவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு விற்கிறவர்களும் உண்டு. அந்த வண்டியை வாங்கினால் சட்டக்குற்றமும் நம் தலையில் விழும்.

கிளட்ச் செட் மாற்றக் கூலியோடு பதினைந்து, இருபதாயிரம். எஞ்சினை முழுதாகப் பிரித்துச் செய்தால் லட்சத்தைத் தாண்டும். தொகை வண்டிக்கு வண்டி, பட்டறைக்குப் பட்டறை மாறும். ஆயினும் பாரம் கூட்டி மலையேறிய வண்டிக்குக் கிளட்ச், பிரேக், ஸ்பிரிங் பட்டை, கிரௌன் ஆகிய நான்கும் என்றேனும் கைவைக்கும் என்பது உறுதி. கடற்காற்றும் நான்கு மாத மழையும் சேஸிஸைத் துருப்பிடிக்கச் செய்வதையும் மறக்கக் கூடாது. மேலே அடித்த புதுப் பெயின்ட் கீழே உள்ள வெல்டிங்கை மறைக்கும்.

ஆகவே பார்க்கும் முறையைப் படிப்போம். விற்பவர் எஞ்சினைச் சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். குளிர்ந்த எஞ்சினே உண்மை பேசும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ரிங்கையோ டர்போவையோ சந்தேகிக்க வேண்டும். சூடான பிறகும் வெண்புகை ஓயாவிட்டால் நீர் உள்ளே இறங்கியிருக்கலாம். ஆயில், பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வந்தால் எஞ்சின் வேலை அருகில் இருக்கிறது. வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்தியடையாமல், இயன்றால் பாரத்தோடு ஓர் ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள்.

தாளிலும் பழுது உண்டு

வேறு மாநில வண்டி என்றால் தடையின்மைச் சான்று வேண்டும். பழைய கடன் நீங்கியதா என்று ஆர்.சி.யில் பார்க்க வேண்டும். "பெயர் மாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பவரை நம்பாதீர்கள். விபத்து நேர்ந்தால், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வாங்குகிறவருக்கு மட்டுமின்றி, தன் வண்டியை விற்கிற நம்மவருக்கும் இது எச்சரிக்கை. இன்னொன்று: தவணை தவறியவரிடமிருந்து அடியாட்களை வைத்து வண்டியைப் பிடுங்கக் கூடாது என்று 2007இலேயே அதே நீதிமன்றம் கண்டித்தது. நம் உறுப்பினருக்கு இது தெரிந்திருந்தால் அன்று சாவியைக் கொடுத்திருக்க மாட்டார். சங்கத்துக்கு ஓடி வந்திருப்பார்.

அரசு யார் பக்கம்?

2021இல் பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கை வந்தது. 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கான எஃப்.சி. கட்டணம் பன்மடங்கு உயர்ந்தது. பழைய வண்டியைக் கழித்த சான்றோடு புதிய சரக்கு வண்டி வாங்கினால் சாலை வரியில் 15 விழுக்காடு வரை சலுகை உண்டு. சலுகையை அனுபவிப்பவர் யார்? புதிய வண்டி வாங்க வல்லவர். ஒற்றை வண்டிக்காரருக்கு உயர்ந்த கட்டணமே மிஞ்சுகிறது. புகை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. அந்தப் புகையைச் சாலையோரக் குடிசைகளில் முதலில் சுவாசிப்பவர்கள் நம் குழந்தைகள். ஆனால் காற்றைத் தூய்மையாக்கும் செலவை, ஒரே வண்டியை நம்பி வாழும் குடும்பத்தின் மீது சுமத்துவது நீதியாகாது. ஒற்றை வண்டி உரிமையாளருக்கு அரசு வங்கிகள் குறைந்த வட்டியில் கடன் தர வேண்டும். வண்டியைக் கழித்தால் மாற்று வண்டிக்கு நேரடி உதவி தர வேண்டும். இவை நம் கோரிக்கைகள்.

நாம் செய்ய வேண்டியது

அரசு செவிசாய்க்கும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. முதலாவது, எந்த உறுப்பினரும் தனியாகச் சென்று வண்டி பார்க்க வேண்டாம். நம்மிடையே பட்டறைத் தோழர்கள் இருக்கிறார்கள்; அவர்களில் ஒருவரையும், படிப்பறிவுள்ள ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். இரண்டாவது, வண்டி விலையில் நான்கில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று கையில் வைக்க முடியாவிட்டால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். மூன்றாவது, வண்டி வைத்திருப்போர் மாதந்தோறும் சிறு தொகை செலுத்தும் பழுது நிதி ஒன்றை நாமே தொடங்க வேண்டும். இரண்டு தவணைக்கு ஈடான பணம் அன்று கிடைத்திருந்தால் அந்த வண்டி போயிருக்காது.

தாய்மார்களே! நகையைக் கழற்றிக் கொடுக்கும் முன் நீங்களும் கணக்குக் கேளுங்கள். விலை என்ன, தவணை என்ன, வண்டி ஒரு மாதம் பட்டறையில் நின்றால் வீட்டில் அடுப்பு எரியுமா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை நகை உங்கள் கழுத்திலேயே இருக்கட்டும்.