ஒத்து ஊதிய டிரான்ஸ்ஃபார்மர்

எல்லா ஆபீஸிலும் ஓர் ஆசாமி இருப்பார். வேலை வராதவரை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, 'எதுன்னாலும் எங்கிட்ட தள்ளுங்க ஸார்!' என்பார். ஃபைல் மேஜைக்கு வந்த மறுநிமிஷம் தலைவலி, லேசான காய்ச்சல், அரை நாள் லீவு. டிரான்ஸ்ஃபார்மரிலும் இந்த ஜாதி உண்டு என்பது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. பாடம் நடத்தியவர்கள்: எண்பது வயதான என் அப்பா, வெடித்துப்போன ஓர் ஐ.சி., எங்கள் கங்கைகொண்டான் ரேடியோ செட் அண்ணாச்சி.

அப்பாவுக்குக் காது மந்தம். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். அது டப்பாவிலேயே பத்திரமாக இருக்கிறது. அவருக்கு உயிர், காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் ஜானகியின் குரலோடு இழைந்ததே, அதே நாயனம்தான். 1964-ல் அவர் மறைவதற்கு முன்னால், ஒரு கல்யாண வீட்டில் தரையில் உட்கார்ந்து அவரை நேரில் கேட்டவர் அப்பா. அந்த வாசிப்பை செல்போனில் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிஷம் உற்றுக் கேட்டுவிட்டு, "ஏல, இது நாயனம் இல்ல, கொசு" என்றார்.

அக்கா மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். "மாமா, நாமளே ஆம்ப்ளிஃபயர் பண்ணிருவோம். தாத்தா ரூமு அதிரணும்!" என்று கிளம்பினான். இரண்டு டி.டி.ஏ. 2030 ஐ.சி., ஒரு போர்டு, இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் பொறுப்பு மட்டும் மாமாவுக்கு. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கடையில் '12-0-12, 5 ஆம்பியர்' என்று லேபிள் ஒட்டியதை எடுத்தேன். விலை சகாயம். கையில் பூ மாதிரி இருந்தது. பஸ்ஸில் தூக்கி வர வசதி என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டேன்.

ராத்திரி பத்து மணி. ஸ்விட்சைப் போட்டோம். 'ம்ம்ம்ம்ம்...' என்று ஓர் இரைச்சல். அப்பா முகம் மலர்ந்துவிட்டது.

"ஒத்து பிடிச்சாச்சா? நாயனத்தை ஆரம்பிக்கச் சொல்லு!"

மருமகன் பாட்டைத் தட்டினான். சம்பிரதாயத்துக்கு இரண்டு ஸ்வரம். 'பட்!' புகை.

"என்னல, சீவாளி உடைஞ்சுட்டா?" என்றார் அப்பா. நாங்கள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போகட்டும்ல. நானும் பழசு, அதுவும் பழசு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெடித்த ஐ.சி.யின் விலை பெரிதில்லை. அந்தத் திரும்பல்தான் தூங்கவிடவில்லை.

மறுநாள் ரேடியோ செட் அண்ணாச்சியிடம் போனோம். சுற்றுவட்டாரத்துக் கோயில் கொடை எல்லாம் அவர் செட்டுதான். டிரான்ஸ்ஃபார்மரைக் கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி கையில் தூக்கிப் பார்த்தார். "அரைக் கிலோ இருக்குமா தம்பி? இதுல அஞ்சு ஆம்பியர்னு எழுதினவன் கதை எழுதுதவனா இருக்கணும்."

அப்புறம் மீட்டரை வைத்தார். சும்மா இருக்கும்போது 12-க்குப் பதில் 14 வோல்ட்! ஏ.சி.யை டி.சி.யாக மாற்றினால் கெபாசிட்டரில் 1.414 மடங்கு ஏறும். 14-க்கு ஏறக்குறைய 19.8, டயோடு தின்பது போக 19. டி.டி.ஏ. 2030 தாங்குவது பக்கத்துக்கு 18 வோல்ட்தான். போதாததற்கு, ஊர் அடங்கிய பிறகு 230 என்பது 250-ஐ எட்டிப்பார்ப்பதும் உண்டு. வெடிக்காமல் என்ன செய்யும்?

அடுத்து ஒரு கார் ஹெட்லைட் பல்பை அதில் கோத்தார். அது கேட்பது நாலரை ஆம்பியர் சொச்சம். 14 என்று மார்தட்டியது 9-க்குச் சரிந்தது. ஐந்து நிமிஷத்தில் வார்னிஷ் வாடை. சும்மா இருக்கையில் வீரம், வேலை வந்தால் காய்ச்சல். நம்ம ஆபீஸ் ஆசாமியேதான்!

"எடைக்கும் ஆம்பியருக்கும் என்ன அண்ணாச்சி?" என்றேன்.

"கரண்டு செகண்டுக்கு 50 தடவைதான் ஆடுது. அவ்வளவு மெதுவா ஆடினா இரும்பும் செம்பும் நிறைய வேணும். செல்போன் சார்ஜர் உள்ளுக்குள்ள பல்லாயிரம் தடவை ஆடுது, அதான் சுண்டைக்காய் சைஸு. நெசமான 12-0-12 அஞ்சு ஆம்பியர் ரெண்டு கிலோவை ஒட்டி வரும். செம்புக்குப் பதிலா அலுமினியக் கம்பி சுத்தியிருந்தாலும் கேட்டுக்கிடணும்."

அவர் சிபாரிசு: 9-0-9, 3 ஆம்பியர், செம்புக் கம்பி. மருமகன் முகம் தொங்கிவிட்டது. "பன்னிரண்டு வாட் வரவேண்டியது ஆறாயிருமே!"

"பாதியானா பாதிச் சத்தம்னு எவன் சொன்னான்? காதுக்கு அது மூணு டெசிபல், நூல் வித்தியாசம். ரெண்டு மடங்கு சத்தமாத் தோணணும்னா பத்து மடங்கு வாட் வேணும். கொடைக்கா கட்டுதீய? தாத்தா ரூமுக்குத்தானே!"

கணக்கும் சொல்லிக் கொடுத்தார். இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து எத்தனை வாட்டோ, அதைப்போல இரண்டு மடங்கு வி.ஏ. இருந்தால் நிம்மதி. எங்களுக்கு 12 வாட், 24 போதும். வாங்கியதோ 18 வோல்ட், 3 ஆம்பியர், ஆக 54. சூடாகாது. மெயின்ஸ் பக்கம் அரை ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். இரும்புப் பெட்டிக்கு எர்த் கட்டாயம். முதல் தடவை ஸ்விட்ச் போடும்போது, மெயின்ஸில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராகக் கோக்க வேண்டும். கண் சிமிட்டி மங்கினால் சுபம். பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. (குண்டு பல்பு தேடி நாலு கடை ஏறியது தனிக் கதை.) கரண்டு பழக்கமில்லாதவர்கள் இதையெல்லாம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஸார். 230 வோல்ட் வேடிக்கை பார்க்காது.

'ம்ம்ம்' போனது எப்படி? டிரான்ஸ்ஃபார்மரை இன்புட் வயரிலிருந்து தள்ளி வைத்து, மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்கியது. அங்கேயே போல்ட் போட்டுவிட்டோம்.

அன்று ராத்திரி பல்பு சிமிட்டி மங்கியது. அறையில் காருகுறிச்சியார் வந்து உட்கார்ந்தார். நிஜமான ஒத்து, தவில், அப்புறம் அந்த நாயனம். அப்பா எழுந்து உட்கார்ந்தார். விரல்கள் தொடையில் தாளம் தேட ஆரம்பித்தன.

மருமகனுக்கு இன்னும் ஆசை விடவில்லை. "தாத்தாவுக்குக் கேக்கணும்லா?" என்று குமிழைக் கடைசிவரை திருக்கினான். 2013-ல் அறிவித்த புள்ளிமான் சரணாலயத்தில் ஒரு மானாவது காதைத் தூக்கியிருக்கும்.

காது கேட்காத அப்பா கையை உயர்த்தினார்.

"ஏல, சத்தத்தைக் கொறைல. அவரு மெதுவா வாசிக்கிற இடம் இது."