மூலையை வளைக்கும் முறை

கைத்தொலைபேசி, வங்கி அட்டை, சீட்டுக்கட்டு, வீதியோர அறிவித்தற் பலகை ஆகியவற்றுக்குப் பொதுவான இயல்பொன்று உண்டு. இவை பெரும்பாலும் செவ்வகங்களே. ஆயினும் இவற்றின் மூலைகள் கூராக இருப்பதில்லை. கையையும் கண்ணையும் உறுத்தாத இவ்வடிவத்தைக் கணினியில் ஆக்குவது எங்ஙனம் என இவ்வாரம் நோக்குவோம். பாடசாலை மலருக்கு அட்டை அமைக்கும் மாணாக்கருக்கும், திருமண அழைப்பிதழைத் தாமே வடிவமைக்கும் குடும்பத்தினருக்கும் இது பயன்படும்.

கணினித் திரைக்கு இவ்வடிவம் வந்த வரலாறு சுவையானது. 1981ஆம் ஆண்டில், அப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய பில் அற்கின்சன் என்பார், வட்டங்களையும் நீள்வளையங்களையும் விரைவாக வரையும் வழியொன்றைக் கண்டார். அக்காலக் கணினிக்கு வர்க்கமூலம் காண்பது பெருஞ்சுமை. 1, 3, 5, 7 என ஒற்றையெண்களை வரிசையாகக் கூட்டிச் சென்றால் 1, 4, 9, 16 என வர்க்கங்கள் கிடைக்குமன்றோ? அவ்வெளிய உண்மையைத் துணைக்கொண்டு, கூட்டலினாலேயே அவர் காரியத்தை முடித்தார்.

அதனைக் கண்ட ஸ்ரீவ் ஜொப்ஸ், மூலை வளைந்த செவ்வகத்தையும் வரைய இயலுமா என வினவினார். அது கடினம், தேவையுமில்லை என்றார் அற்கின்சன். ஜொப்ஸ் அவரை வீதிக்கு அழைத்துச் சென்று, காணுமிடமெங்கும் அத்தகைய செவ்வகங்களைச் சுட்டிக்காட்டினார். வாகனம் நிறுத்தலாகாது என்னும் பலகையையும் காட்டிய பின்னர் அற்கின்சன் இணங்கினார். மறுநாளே அதற்கான நிரலை ஆக்கி முடித்தார். 1984இல் வெளிவந்த மக்கின்ரொஷ் கணினியின் பொத்தான்கள் அவ்வடிவத்தையே தாங்கி நின்றன.

மூலையை வளைத்தல் என்பது கண்மதிப்பாகச் சுரண்டி அழித்தல் அன்று. மூலையின் இரு பக்கங்களையும் தொட்டுச் செல்லும் வட்டமொன்றை எண்ணிக்கொள்க. அதன் மையம் இரு பக்கங்களிலிருந்தும் ஆரையின் அளவு தூரத்தில் இருக்கும். பக்கங்கள் இரண்டும் அவ்வட்டத்தின் தொடலிகள். இடையிலுள்ள கால்வட்டமே புதிய மூலை. நேர்கோடு எங்கே முடிந்தது, வளைவு எங்கே தொடங்கிற்று எனக் கண் தடுமாறுவதற்குக் காரணம் இத்தொடலித் தன்மையே.

இனிச் செய்முறை. விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் என்னும் மென்பொருளில், செவ்வகத் தெரிவுக் கருவியை எடுத்தால் ‘ரவுண்டட் கோர்னர்ஸ்’ என்னும் தேர்வு தென்படும். அதனை இயக்கி ஆரையைக் குறித்தால் போதும். இங்ஸ்கேப் மென்பொருளில், செவ்வகத்தை வரைந்த பின்னரும் ஆரையை வேண்டியவாறு மாற்றலாம்.

செவ்வகமல்லாத வடிவமாயின் யாது செய்வது? கிம்ப் மென்பொருளில் அவ்வடிவத்தைத் தெரிவுசெய்து, ‘சிலெக்ட்’ பட்டியலிலுள்ள ‘ஷ்ரிங்க்’ கட்டளையால் 20 பிக்சல் சுருக்குக. பின்னர் ‘குறோ’ கட்டளையால் அதே 20 பிக்சல் விரிக்குக. வெளிநோக்கிய மூலைகள் வளைந்துவிடும். காரணம் எளிது. பெட்டியொன்றினுள் ஒரு நாணயத்தைச் சுவரோரமாக உருட்டினால், அது மூலையின் கூர்முனையை எட்டுவதில்லை. அவ்வாறு எட்டாத இடமே இங்கு நீங்குகின்றது. உள்நோக்கிய மூலைகளை வளைக்க விரும்பின், முதலில் விரித்துப் பின்னர் சுருக்குக. ஆனால் ஓர் எச்சரிக்கை: 20 பிக்சல் சுருக்கும்போது, 40 பிக்சலிலும் ஒடுங்கிய பகுதிகள் அடியோடு மறைந்துவிடும், மீள விரித்தாலும் அவை திரும்பி வாரா.

கருவி கைவந்த பின்னரும் மூன்று குறைகள் பலருடைய வேலையில் நேர்கின்றன.

முதலாவது, வளைத்து முடித்த படத்தைப் பின்னர் ஒரு பக்கமாக இழுத்தல். ஆரை 20 உடைய மூலையை அகலத்தில் இருமடங்காக இழுத்தால், அது 40க்கு 20 என்னும் நீள்வளையத் துண்டாகி, நசுங்கியது போலத் தோன்றும். ஆதலின் அளவை முதலில் முடிவுசெய்து, மூலையை இறுதியில் வளைக்க வேண்டும்.

இரண்டாவது, சட்டத்துக்குள் சட்டம் அமைக்கும்போது இரண்டிற்கும் ஒரே ஆரையைக் கொடுத்தல். வெளி ஆரை 30, சட்டத்தின் தடிப்பு 10 எனக் கொள்வோம். உள் ஆரையும் 30 ஆயின், பக்கங்களில் 10 ஆக உள்ள தடிப்பு மூலையில் 14 ஆகப் பருத்துவிடும். வெளி ஆரையிலிருந்து தடிப்பைக் கழித்து, உள் ஆரையை 20 எனக் கொடுத்தால் இரு வளைவுகளுக்கும் மையம் ஒன்றாகும். தடிப்பும் எங்கும் சமமாகும்.

மூன்றாவது, படத்தை ஜேபெக் கோப்பாகச் சேமித்தல். அக்கோப்பு ஒளிபுகும் வெறுமையைத் தாங்காது. நீக்கிய மூலைகளில் வெள்ளை முதலிய நிறமொன்று நிரம்பி, வண்ணப் பின்னணியில் வைத்தவுடன் நான்கு காதுகள் போல் துருத்திக்கொண்டு நிற்கும். பிஎன்ஜி கோப்பாகச் சேமித்தால் இவ்வில்லங்கம் இல்லை.

கணினி இருக்கையில் கேத்திரகணிதம் எதற்கு என வினவும் மாணாக்கர் பலர். கணினியோ நம்மிடம் திரும்பி, ஆரை எவ்வளவு என்றே வினவுகின்றது. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் நாமே. விடையறியாதவர் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்துப் பொழுதைக் கழிப்பார்; அறிந்தவர் ஒரே முறையில் முடித்து எழுவார். மென்பொருள்கள் ஆண்டுதோறும் மாறும், பொத்தான்களும் இடம்பெயரும். வட்டமும் தொடலியும் மாறுவதில்லை.

மாணாக்கர் சிந்தனைக்கு ஒன்று: வெளி ஆரை 12, சட்டத்தின் தடிப்பும் 12 எனின், உள்மூலை எவ்வடிவம் பெறும்? கணினியைத் தொடுமுன் தாளில் வரைந்து பார்ப்பீர்களாக.