வளர்த்தவளும் உம்மாதான்

பெற்றோர் கூட்டத்துக்குச் சாச்சி வந்தால், "உம்மா வரல்லையா?" என்று கேட்டு விடுகிறோம். வளர்ப்பதே அந்தச் சாச்சிதான் என்று யோசிப்பதில்லை.

1847இல் அமெரிக்காவின் யூட்டாவில் குடியேறிய மோர்மன் மக்களில் எலைசா ஸ்னோ ஒருவர். கணவர் பிரிகாம் யங்குக்குப் பல மனைவியர், 50க்கும் மேற்பட்ட பிள்ளைகள். எலைசாவுக்கு ஒன்றுமில்லை. மற்ற மனைவிமாரின் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார். 1878இல் சிறுவர்களுக்கான மார்க்க வகுப்புகள் தொடங்க முன்னின்றார். சமூகமே அவரை 'மாமி எலைசா' என்றது. அந்தப் பலதார முறையை நாங்கள் இங்கே எடைபோடவில்லை. அந்தப் பெண்ணைத்தான் பார்க்கிறோம்.

எங்கள் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களும் பிள்ளை பெறவில்லை. சகோதரி மகனின் பெயரால் 'உம்மு அப்துல்லாஹ்' என அழைக்கப்பட்டார்கள். தந்தையை இழந்த சகோதரர் மகன் காசிமை வளர்த்தார்கள்.

இனி அந்தச் சாச்சியிடம் பிள்ளையின் படிப்பைப் பற்றி மட்டும் பேசுவோம். ஆசிரியர்களான நாங்களே தொடங்குவோம்.