இ-பாஸ் மலையடிவாரத்தில், வெப்பம் ஆவடியில்

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு 2024 மே 7 அன்று நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பும் விதிக்கப்பட்டது. மலைகளின் தாங்குதிறன், அதாவது மண்ணும் நீரும் சாலையும் கெடாமல் ஓர் இடம் எத்தனை பேரை ஏற்க முடியும் என்ற அளவு, எல்லையற்றதன்று என்பதால் அந்த வரம்பு சரியானதே. ஆனால் அந்த வாகனங்கள் எந்த ஊர்களிலிருந்து, எதனால் துரத்தப்பட்டுப் புறப்படுகின்றன என்பது சுற்றுலாக் கொள்கையின் கேள்வியாக இன்னும் கருதப்படுவதாகத் தெரியவில்லை. சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றிலிருந்து பார்த்தால், பாதிச் சிக்கல் மலையில் இல்லை என்பது விளங்கும்.

கோடையில் சென்னைக் கடற்கரையை நண்பகலையொட்டித் தொடும் கடற்காற்று மேற்கே பூந்தமல்லியையும் ஆவடியையும் எட்டுவதற்குத் தாமதமாகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் தொடக்கத்தில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று வலுத்துவிட்டால், சில நாட்களில் அது வந்து சேர்வதே இல்லை. இதனோடு, கட்டடங்களும் தார்ச் சாலைகளும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல விடுவதால் சுற்றியுள்ள வயல்வெளியைவிட ஊர் சூடாகவே இருக்கும் 'நகர் வெப்பத் தீவு' நிலையும் சேர்ந்துகொள்கிறது. ஏரிப்பாசன வயல்கள் மனைகளாகவும் கிடங்குகளாகவும் மாறிய பகுதிகளில் இது கூடுதலாக உணரப்படுகிறது. நள்ளிரவிலும் மொட்டை மாடித் தளம் சுட, மேல்தளத்து வீட்டில் மின்விசிறி அனல்காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும் ஒரு வாரத்துக்குப் பிறகுதான் பல குடும்பங்களில் ஊட்டிப் பேச்சு எழுகிறது.

சுற்றுலாத் தேவை என்பது பயணம் செய்யும் விருப்பமும் அதற்கான வசதியும் சேர்ந்தது என்று பொருளியலாளர் கொள்வர். அந்த விருப்பத்தில் தட்பவெப்பத்தின் பங்கை அளக்க 1985-இல் மிச்கோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் வகுத்த 'சுற்றுலாத் தட்பவெப்பக் குறியீடு', வெப்பம், ஈரப்பதம், மழை, வெயில், காற்று ஆகியவற்றைக் கூட்டிச் செல்லுமிடத்துக்கு மதிப்பெண் தருகிறது. அதில் வெயில் நேரம் கூடினால் மதிப்பெண்ணும் கூடும். குளிர்நாட்டாரின் ஏக்கத்திலிருந்து பிறந்த அளவுகோல் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆவடிக்காரர் ஊரைவிட்டுக் கிளம்புவதே அந்த வெயிலால்தான். இங்கு தேவையைத் தீர்மானிப்பதில் போகுமிடத்தின் ஈர்ப்பைக் காட்டிலும் இருக்குமிடத்தின் தள்ளுதல் வலுத்துவருகிறது. போகுமிடமும் அப்படியே இருக்கவில்லை: 2024 ஏப்ரல் இறுதியில் ஊட்டியிலேயே 29 டிகிரி செல்சியஸ் பதிவாகி, 1951-க்குப் பிந்தைய பதிவுகளில் அதுவே உச்சமாயிற்று.

வெப்பம் தேவையைப் பெருக்குவதோடு அதை ஒரே காலத்தில் குவிக்கவும் செய்கிறது. 2023-இல் ஜூன் தொடக்கத்தில் திறக்கப்பட வேண்டிய பள்ளிகள் வெயில் காரணமாக ஜூன் 7-க்கும் பின்னர் ஜூன் 12, 14-க்கும் தள்ளிவைக்கப்பட்டன. 2024-இலும் ஜூன் 6 என்பது ஜூன் 10 ஆயிற்று. பிள்ளைகளின் உடல்நலம் கருதிய முடிவு என்ற அளவில் இதில் குறைகாண இடமில்லை. எனினும் நீட்டிக்கப்பட்ட ஒவ்வொரு நாளும் மலைப்பாதைக்குச் செல்லும் வாகன வரிசையை நீட்டுகிறது என்பதைக் கல்வித் துறையும் சுற்றுலாத் துறையும் ஒன்றாக அமர்ந்து பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கில் வராதவர்களே பெரும்பான்மையினர். 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை என்ற நிலையில் உழைப்பவரும், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே குடியிருக்கும் அவர் குடும்பமும், வெப்பத்தை மிகுதியாகத் தாங்குபவர்களாக இருந்தும் எந்தச் சுற்றுலாப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை. வசதி இல்லாத விருப்பத்தைப் பொருளியல் தேவை என்று எண்ணுவதில்லை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. இறந்தபின் தரும் தொகையோடு, உயிரோடிருப்பவர் ஒரு மாலைப்பொழுதைக் குளிர்ச்சியாகக் கழிக்க ஓர் இடம் தருவதும் அரசின் பொறுப்பில் அடங்கும்.

கோயில் பயணம் மட்டும் வேறு விதம். திருவேற்காடு கருமாரியம்மனையும் மாங்காடு காமாட்சியம்மனையும் தேடி வருவோர் வெயிலுக்கு அஞ்சி வராமல் இருப்பதில்லை. வரும் வேளையைத்தான் விடியலுக்கும் இரவுக்கும் மாற்றிக்கொள்கின்றனர். வெறுங்காலுடன் பிராகாரம் சுற்றுவோருக்காகக் கோயில்களில் கல்தளத்தின் மீது கயிற்றுப்பாய் விரிப்பதும் வெள்ளைப் பூச்சு பூசுவதும் வழக்கமாகிவிட்டன. வெப்பத்தைச் சமாளிக்கும் சுற்றுலா ஏற்பாடு என்று சொல்லத்தக்கது இப்பகுதியில் பெரும்பாலும் அதுவே என்பது சற்றே வேடிக்கையானது.

ஏரிகள் இருந்தும் இந்த நிலை. ஆவடியில் 80 ஏக்கருக்கும் மேற்பட்ட பருத்திப்பட்டு ஏரி, நடைபாதையும் படகுத்துறையும் கொண்ட பசுமைப் பூங்காவாக 2019-இல் திறக்கப்பட்டது, நல்ல திட்டம். ஆனால் சுற்றிலுமுள்ள குடியிருப்புகளின் கழிவுநீர் கலக்கும் ஏரியில் மாலைக் காற்று நாற்றத்தையும் சேர்த்தே கொண்டுவரும்போது, குடும்பத்தோடு வந்தவர் படகுச் சீட்டு வாங்குவதற்கு முன்பே மூக்கைப் பொத்திக்கொள்கிறார். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. செம்பரம்பாக்கம் ஏரியோ 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு இருந்தும் 2019 கோடையில் வறண்டது. பெங்களூரு நெடுஞ்சாலையோரத் தனியார் பூங்காக்களில் நீர் விளையாட்டுகளுக்குக் கூட்டம் கூடுவதும் நீர் வற்றும் இதே மாதங்களில்தான் என்பதால், அவற்றைக் கொண்டே இந்தத் தேவையை ஈடுசெய்துவிடலாம் என்ற எண்ணம் நிலைக்காது.

உள்ளூர் ஏரிக்கரையைச் சீர்செய்தால் ஊட்டிக்குப் போவது நின்றுவிடுமா என்று கேட்கலாம். நிற்காது, மலையைப் பார்க்கப் போகிறவர் போவார். வெக்கை தாளாமல் இரண்டு நாள் தப்பித்துவரப் போகிறவர்களில் ஒரு பகுதியினராவது ஊரிலேயே தங்குவர், போக வழியே இல்லாதவர்களுக்கும் ஓர் இடம் கிடைக்கும். போகிறவர்களுக்கும் சொந்தக் காரைத் தவிர வேறு வழி தேவை. இ-பாஸ் விதியிலிருந்து அரசுப் பேருந்துகளுக்கு விலக்கு உண்டு என்பதால், ஏப்ரல் முதல் ஜூன் வரை பூந்தமல்லியிலிருந்தும் ஆவடியிலிருந்தும் நேரடிச் சிறப்புப் பேருந்துகளை அரசு இயக்க வேண்டும்.

அதற்கும் முன்பாக, ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி ஏரிகளுக்குச் சுற்றுலாத் துறையின் நிதியில் தனிப் பங்கு ஒதுக்கப்பட வேண்டும். கோடை மாதங்களில் அவற்றின் கரைகள் விளக்கும் காவலும் குடிநீருமாக இரவு 10 மணி வரை திறந்திருக்க வேண்டும். பாதாளச் சாக்கடை இணைப்புகளை முடித்துக் கழிவுநீரைத் தடுத்த பிறகே படகுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது பற்றிப் பேச வேண்டும்.