லாரி வாங்கும் முன்

சொந்தமாக லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைக்க நினைப்பவர் முதலில் பார்ப்பது விலையைத்தான். அந்தமானின் சௌல்தாரியில் அது பாதிக் கணக்கு. ஸ்ரீ விஜயபுரத்துக்கும் (2024 வரை போர்ட் பிளேர்) சென்னைக்கும் இடையே சுமார் 1,200 கி.மீ. கடல். தீவில் கிடைக்காத உதிரி பாகம் கப்பலில் வர வேண்டும். அதுவரை லாரி ஓடாது. கடன் தவணை காத்திருக்காது.

1980களில் ஜப்பானியக் கூட்டுடன் டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிஸான் போன்ற சிறு லாரிகள் இந்தியாவுக்கு வந்தன. அந்தப் பெயர்கள் இன்று இல்லை. 1986இல் வந்த டாடா 407 இன்றும் விற்கிறது. வண்டி நல்லதா என்பதோடு, பத்து வருடம் கழித்தும் பாகம் கிடைக்குமா என்பதும் முக்கியம்.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 விதிக்குப் பிறகு சென்சார்கள் பெருகிவிட்டன. ஸ்பேனர் மட்டும் போதாது. கோளாறைக் காட்டும் கருவியும் மெக்கானிக்கிடம் இருக்க வேண்டும். பழைய வண்டி என்றால் இன்ஜினுக்கு முன் சேஸிஸைத் தட்டிப் பார்ப்பது நல்லது. உப்புக்காற்றும் மழையும் அங்கேதான் அரிக்கும்.

எனவே, ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், கிளட்ச் பிளேட்டும் இன்ஜெக்டரும் கையிருப்பில் உள்ளனவா என்று கேட்பதே புத்திசாலித்தனம்.